அது பச்சை இல்ல, தம்பி

காலை ஐந்தே முக்காலுக்கு என் வாட்ஸ்அப்பில் ஒரு கழுத்து வந்து நிற்கும். முகம் இருக்காது, உடம்பில் பாதி இருக்காது. பின்கழுத்து மட்டும். கீழே ஒரே சொல்: “பாத்தியா?”

பார்த்துவிட்டேன் என்பதை அந்த இரண்டு நீல டிக் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். உடனே போன். “மூணு ஸ்குரூ, தம்பி! நல்லா எண்ணிப் பாரு. நாலு இல்ல, மூணு. அப்போ எழுபத்தொண்ணுக்கு அப்புறம்தான்.” எங்கள் வீட்டுப் பால் பாக்கெட் இன்னும் கேட்டில் தொங்கும் பையிலேயே இருக்கும்.

இந்தக் கிடார்க் கழுத்துகளை அனுப்புகிறவர் சேலையூரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷப் பழக்கம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை யார் வீட்டுப் பரணிலிருந்து எலெக்ட்ரிக் கிடார் இறங்கி ஆன்லைனில் விற்பனைக்கு வந்தாலும், அதை முதலில் பார்ப்பவர் அவர்தான். வாங்கியது எத்தனை என்று கேட்காதீர்கள். நான் ஒரு முறை கேட்டேன். “வாங்குறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். என்னன்னு சொல்றதுக்கு யார் இருக்கா?” என்றார்.

விற்கிறவன் பாவம், “கருப்பு கிடார், நல்ல கண்டிஷன், ஒரு ஸ்டிரிங் இல்லை, 4,500” என்று போட்டிருப்பான். நம்மவருக்கு அது போதாது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் வெள்ளைத் தகட்டை விரலால் பெரிதாக்கி ஸ்குரூ எண்ணுவார். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரில் 1959 வரை எட்டு, அதற்குப் பிறகு பதினொன்று. அப்புறம் தலையை அளப்பார். 1965 தொடக்கத்தில் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் வாங்கியது. அந்த வருஷக் கடைசியிலிருந்து கிடாரின் தலைப்பகுதி பெரிதாகிவிட்டது. “கை மாறின உடனே தலைக்கனம் வந்துடுச்சு” என்பார். நூறாவது முறையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிறம்தான் என் பிரச்சினை.

‘சிவப்பு’ என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஃபியஸ்டா ரெட் உண்டு, டகோட்டா ரெட் உண்டு, கேண்டி ஆப்பிள் ரெட் உண்டு. வெறும் சிவப்பு கிடையாது. பெரும்பாலும் கார் நிறங்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஃபெண்டர்காரர்கள் டூபாண்ட் கம்பெனியின் கார் பெயின்டை வாங்கித்தான் கிடாருக்கு அடித்தார்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு தண்டர்பேர்டு காருடையது. லேக் பிளாசிட் புளூ கேடிலாக் காருடையது. இப்படி விசேஷ நிறம் வேண்டுமென்றால் விலையில் ஐந்து சதவீதம் கூடுதல். அந்தப் பெயின்டுகளில் ஒன்றின் பெயர் டூக்கோ. நம் ஊர் டிங்கரிங் கடையில் இன்றைக்கும் “டூக்கோ அடிச்சுடலாமா சார்?” என்று கேட்கிறார்களே, அதே டூக்கோ. இதை அவர் சொன்ன அன்று உண்மையிலேயே வியந்துபோனேன். அந்த வியப்பை முகத்தில் காட்டியதுதான் நான் செய்த தவறு. அன்றிலிருந்து விடவில்லை.

ஏனென்றால் கதை அதோடு முடியவில்லை. நிறத்துக்கு மேல் பூசிய பளபளப்பு மெருகு வயதாக ஆக மஞ்சளாகும். அப்போது வெள்ளைக் கிடார் வெண்ணெய் நிறத்துக்குப் போகும். நீலக் கிடார் பச்சையாகத் தெரியும். எனவே படத்தில் பச்சையாக எதைக் கண்டாலும், “அது பச்சை இல்ல, தம்பி. பச்சையா தெரியுற நீலம்” என்பார். கைப்பிடியோ தகடோ மூடியிருந்த இடத்தில்தான் அசல் நிறம் பிழைத்திருக்குமாம். அதைக் கழற்றாமல் முடிவு சொல்லக் கூடாதாம். சிவப்புக்கு வேறு சாபம். 1958 முதல் 1960 வரை கிப்ஸன் லெஸ் பால் கிடார்களில் ஓரம் சிவந்து நடு மஞ்சளாக ‘சன்பர்ஸ்ட்’ என்று ஒரு பூச்சு வந்தது. அந்தச் சிவப்புச் சாயம் வெயில் பட்டால் வெளுக்கும். எவ்வளவு வெளுத்ததோ அதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று டீ பர்ஸ்ட். கேம்ப் ரோடு டீக்கடையில் அவரோடு நின்று நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியாது. கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “பாரு, இதான் அந்தக் கலர். இன்னும் ரெண்டு சொட்டு பால் விட்டா போச்சு” என்பார். டீ மாஸ்டர் இப்போதெல்லாம் எங்களைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்.

என் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது வந்தார். பெயின்டர் ‘ஐவரி’ என்று சொல்லி அடித்த சுவரைக் கையால் தடவிப் பார்த்து, ஒலிம்பிக் ஒயிட் கிடார் இருபது வருஷத்தில் இப்படித்தான் ஆகும் என்று தீர்ப்பு சொன்னார். “அப்போ புது பெயின்ட் இல்லியா சார் இது?” என்று பெயின்டரிடம் சண்டைக்குப் போனது என் மனைவி. அரை நாள் கூலி தகராறில் போயிற்று.

குரோம்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பரிசு கொடுக்க மேடை ஏறிய வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நம்மவர், மாப்பிள்ளை கையைக் குலுக்கிய வேகத்திலேயே பக்கத்து மேடையில் வாசித்துக்கொண்டிருந்த மெல்லிசைக் குழுவின் பக்கம் நழுவிவிட்டார். பாட்டு நடக்கும்போதே கிடார் வாசிப்பவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பையன் முகம் சுருங்கிப்போனது. “ரீபெயின்ட்னு சொன்னேன். அவனுக்கே தெரியல பாவம்” என்றார் பந்தியில். கல்யாண ஆல்பத்தில் குடும்பப் படத்துக்குப் பின்னால் வேட்டி கட்டிய ஒருவரின் குனிந்த முதுகு மட்டும் தெரிகிறது. அது யார் என்று பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெருங்களத்தூர்ப் பையன் கதையைச் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் படிக்கிறவன். கருப்புக் கிடார் ஒன்றை விற்கப் போட்டிருந்தான். கருப்பு என்றாலே நம்மவருக்குச் சந்தேகம். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மருடைய புகழ்பெற்ற கருப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 2019இல் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனதே, அதில் கருப்புக்கு அடியில் இருப்பது சன்பர்ஸ்ட். ஆகவே பெருங்களத்தூரிலும் அப்படி இருக்க வாய்ப்புண்டு. பழைய ஃபெண்டர்களில், கழுத்தை உடம்பில் செருகும் அடிப்பாகத்தில் அசல் தேதியைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். ராத்திரி பத்தரைக்கு அந்தப் பையனுக்கு இவர் அனுப்பிய செய்தி இதுதான்: “தம்பி, கழுத்தைக் கழட்டி போட்டோ அனுப்பு.”

பையன் இவர் எண்ணை பிளாக் செய்துவிட்டான். என் எண்ணிலிருந்து பேசி, மன்னிப்புக் கேட்டு, மறுநாள் என் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். ஸ்டார் ஸ்குரூ டிரைவரும் என்னுடையதே. பையனின் அம்மா காபி கொடுத்தார். கூடத்து நடுவில் நம்மவர் நியூஸ் பேப்பரை விரித்து, அறுவை சிகிச்சைக்குக் குனிவது போலக் குனிந்து கழுத்தைக் கழற்றினார். உள்ளே பென்சில் எழுத்து இல்லை. ‘க்யூசி பாஸ்’ என்று வட்டமாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. “சரி, மாட்டிடு தம்பி” என்று பையனிடம் சொல்லிவிட்டு எழுந்தார். ஸ்குரூ டிரைவர் அவர் சட்டைப் பையில் ஏறியதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முடிச்சூரில் இன்னொரு கிடார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது. மெருகு உரிந்து, தேமல் போல வெளுத்துக் கிடந்தது. விற்பவரே வெட்கப்பட்டு 1,000 ரூபாய் போட்டிருந்தார். நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. புதுக் கிடாரையே வேண்டுமென்று தேய்த்து, அடிபட வைத்து, பழசு போல ஆக்கி, ‘ரெலிக்’ என்று பெயர் சூட்டி ஃபெண்டர்காரர்கள் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். “அங்க அதுக்கு சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்கான். இங்க அடையாறு ஓசியில பண்ணிக் குடுத்திருக்கு” என்றார். அதையும் வாங்கவில்லை.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். என் பெண் ஒன்பதாவது படிக்கும்போது கிடார் கேட்டாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் 7,000 ரூபாய்க்கு ஒன்று வைத்திருந்தார். பேசி முடித்து, 500 முன்பணமும் அனுப்பிவிட்டேன். சந்தோஷத்தில் படத்தை இவருக்கு அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் விற்பவரை அழைத்து, “சார், எண் ‘ஜேவி’னு ஆரம்பிக்குதா பாருங்க. அப்படின்னா இது ஜப்பான்ல எண்பத்திரண்டு வாக்குல பண்ண ஃபெண்டரோட ஸ்கொயர். உலகம் பூரா தேடுறாங்க” என்று சொல்லியிருக்கிறார். எனக்காக இல்லை. எனக்கு எதிராகவும் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான். மறுநாள் காலை விலை 70,000. என் 500 ரூபாய் அன்று மாலையே திரும்பி வந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. என் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். அந்தக் கிடார் ஒரு வருஷம் விற்காமல் கிடந்து, பிறகு காணாமல் போனது. அதன் எண் ‘ஜேவி’யில் ஆரம்பித்ததா என்று இன்று வரை அவரும் சொல்லவில்லை.

அப்புறமும் ஏன் அவரோடு பழகுகிறேன்? ஒரு மழை நாளில் கரண்ட் இல்லாதபோது அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் ஒரு கிடார் உண்டு. கல்கத்தாவில் செய்த கிவ்சன். அமெரிக்க கிப்ஸனுக்கும் அதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், விலையில் ஒரு வீடு வித்தியாசம். வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் போனஸில் எடுத்ததாம். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிடார் கொசுவலைக்குள் சிக்கிய கொசு போலத்தான் ஒலிக்கும். ஆனால் விரல் நன்றாக நடந்தது. பரங்கிமலையில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியபோது, நீல ஸ்ட்ராடோகாஸ்டர் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் விட்டுப்போனதாகச் சின்ன வயதில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போவது அதற்காகத்தான். “இந்நேரம் பச்சையா ஆயிருக்கும். எவனும் கண்டுபிடிக்க மாட்டான்” என்றார். அந்த இருட்டில் அவர் குரலில் பெருமை இருந்ததா பயம் இருந்ததா என்று தெரியவில்லை.

கிவ்சனைத் தொட்டுப் பார்த்தேன். இரும்புலியூர் டிங்கரிங் கடையில், ஏதோ அம்பாசிடருக்கு அடித்து மிஞ்சியதைப் பூசியது. “இது என்ன கலர் சார்?” என்றேன். “இதுவா? அவன்கிட்ட இருந்த கலர்” என்று சொல்லிவிட்டு, கொசுவர்த்தி ஏற்றப் போய்விட்டார்.

போன வாரம் வீட்டில் இடம் பற்றாமல், அப்பாவின் பழைய மேஜையை விற்கலாம் என்று படமெடுத்துப் போட்டேன். “மர மேஜை, பச்சை நிறம், பித்தளைக் கைப்பிடி, 1,500 ரூபாய்.” ராத்திரி பதினொன்றேகாலுக்குச் செய்தி வந்தது.

“அது பச்சை இல்ல, தம்பி.”

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி ஒரு சத்தம். “கைப்பிடியைக் கழட்டிப் பாரு.”

தூக்கம் போய்விட்டது. பொங்கலுக்குப் பொங்கல் அப்பா அந்த மேஜைக்கு வார்னிஷ் அடிப்பார். வாசல் திண்ணையில் அதைக் காயவைத்து, நாங்கள் தொடாமல் இருக்கக் குச்சியோடு காவல் உட்கார்ந்திருப்பார். முதலில் அது என்ன நிறமாக இருந்தது? அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்க இது நேரமில்லை. எழுந்து விளக்கைப் போட்டேன். கைப்பிடிக்கு இரண்டே ஸ்குரூதான். டூல்ஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்துப் போட்டுத் தேடினேன். என் மனைவி எழுந்து வந்து நின்றாள்.

“எதைத் தேடுறீங்க? ஸ்குரூ டிரைவர்தான் அவர்கிட்ட இருக்கே.”