கறுப்பு டேப்பின் காலநிர்ணயம்: அம்பாசிடர் ஒயரிங் ஆய்வுக்கு ஒரு தோற்றுவாய்

ஒயர் என்பது இரு முனை உடையது. அவற்றுள் ஒன்று எக்காலத்தும் கண்ணில் படாதது. அதைத் தேடி அலைவது ஒயரிங் எனப்படும் (பட்டறைச் சூத்திரம், எண்ணெய்ப் பிரதி, மேலட்டை இல்லை). இவ்வளவில் இலக்கணம் முற்றிற்று.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அம்பாசிடர் மார்க் ஒன்று. உத்தரபாராவில் 1950களின் கடைசியில் உற்பத்தியான இந்த வண்டிக்கு முதல்நூல் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இது வழிநூலா, சார்புநூலா, மொழிபெயர்ப்பா என்று கேட்டால் கைகலப்பு ஆகும். என் கைவசம் உள்ள பிரதியில் இடது ஹெட்லைட் எரியவில்லை. ஆய்வின் தேவை அதனால் உணரப்பட்டது.

முதல்நூலாசிரியர்கள் நிறத்தால் பேசினார்கள். பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேரே வரும், சாவியை மதிக்காது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறும். அதே மின்சாரம் ஃப்யூஸைக் கடந்தால் பச்சை. நீலம் ஹெட்லைட்டுக்கு: வெள்ளைக் கோடு ஓடினால் பிரைட், சிவப்புக் கோடு ஓடினால் டிம். கறுப்பு, எர்த். எழுத்ததிகாரம் போன்ற கட்டுக்கோப்பு. அறுபது வருடம் எஞ்சின் சூட்டில் வெந்தபின் அத்தனையும் ஒரே நிறமாகிவிட்டன. அந்த நிறத்துக்கு முதல்நூலில் பெயரில்லை. ஒயரைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றினால் அதனடியில் அரை அங்குலத்துக்கு வெயிலும் எண்ணெயும் படாத மூலநிறம் கிடைக்கும். பதிப்பாசிரியர்கள் பரணில் சுவடி கண்டெடுத்ததாகச் சொல்லும் தருணம் இதுதான்.

ஃப்யூஸ்: இருந்தது. தற்போது அவ்விடத்தில் இருப்பது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.

எலி: உண்டு.

துருவச் சிக்கலை ஒதுக்க முடியாது. அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியில் கட்டினார்கள். 1960களின் பிற்பகுதியில் ஆல்டர்னேட்டர் பரவியபோது நெகட்டிவ் எர்த் வந்தது. யானைக்கு எந்த நாமம் போடுவது என்று சண்டையிட்ட மண்ணுக்கு இந்தப் பிளவை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு 1897இல் தாம்சன் எலெக்ட்ரானை அடையாளம் கண்டு, மின்சாரம் பாசிட்டிவிலிருந்து கிளம்புகிறது என்று அதுவரை எழுதியவர்களையெல்லாம் சங்கடத்தில் ஆழ்த்தினார். அவர்கள் ஒரு படத்தைக்கூடத் திருத்தவில்லை. அம்புக்குறிக்கு 'மரபுவழித் திசை' என்று பெயர் வைத்தார்கள். அறிவுலகில் பிழைக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச கௌரவம் இது.

இனி டேப். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேரே தொங்கும் கறுப்பு முண்டு, கீழடியில் குழி தோண்டுவோர் வரிசைப்படுத்தும் மண்ணடுக்கைப் போன்றது. மேலடுக்கு, பசை ஒழுகும் பிளாஸ்டிக் டேப். உள்ளே ஸ்பீக்கர் ஒயர். இதைப் பாட்டுப்பெட்டி யுகம் என்க. அடுத்தது வீட்டு ஒயரிங் யுகம். சுவருக்குள் போகவேண்டிய ஒற்றைக் கம்பி ஒயரை ஒரு புண்ணியவான் ஹெட்லைட்டுக்கு இழுத்திருக்கிறார். வீட்டில் 230 வோல்ட்டில் 60 வாட் பல்ப் இழுப்பது ஏறத்தாழ கால் ஆம்பியர். அதே 60 வாட் 12 வோல்ட் காரில் 5 ஆம்பியர் கேட்கும். மெல்லிய ஒயர் சூடேறும், வெளிச்சம் மங்கும். சுவர் ஆடாது, வண்டி ஆடும். ஒற்றைக் கம்பி ஆட்டத்தில் முறியும். அதனால்தான் காருக்குப் பல இழை ஒயர். அதற்கும் அடியில் துணி டேப் யுகம். ஆக அடியில் நூல் பின்னிய ஆதி ஒயர், தொட்டால் உதிரும்.

துணி டேப் அடுக்கில், இரு ஒயர்கள் கூடும் உருளை கனெக்டரில், பிடிமானத்துக்காகச் செருகிய தீக்குச்சி ஒன்று கிடைத்தது. இக்கட்டுரையின் உயிர்நாடி அதுவே. குச்சியின் தலை கருகியிருக்கிறது. முன் எரிந்தது என்போர், ஒயர்மேன் முதலில் பீடி பற்றவைத்து, பிறகு அதே குச்சியைச் செருகினார் என்பர் (பீடிப் படலம், டீ சிந்திய உரை). பின் எரிந்தது என்போர், அவர் செருகியது புதுக்குச்சி, ஷார்ட் ஆகி உள்ளேயே பற்றியது என்பர் (மேற்படி உரைக்கு, சிந்தியது டீ அல்ல, பேட்டரித் தண்ணீர் என்று நிறுவும் மறுப்புரை). இருமுறை எரிந்தது எனச் சமரசம் காண்போரும் உளர் (அம்மறுப்புரையின் இரண்டாம் பதிப்புக்கு, முதல் பதிப்பைத் தாம் எழுதவே இல்லை என்று அதன் ஆசிரியரே வழங்கிய அணிந்துரை, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, கரையான் தின்ற பகுதி). குச்சி மெழுகுக்குச்சியா மரக்குச்சியா என்பதைத் தனி ஆய்வேடாக எழுத ஒருவருக்குத் தலைப்பு கொடுத்தாயிற்று. நெறியாளர் நான்தான். வாய்மொழித் தேர்வு நாளும் வடைக்கடையும் முடிவாகிவிட்டன. முதல் இயல்தான் பாக்கி.

இந்நிலையில் ஹெட்லைட் எரியுமா என்று கேட்பது ஆய்வறத்துக்கு ஒவ்வாது. இருந்தும் வீட்டில் கேட்டார்கள். தெருமுனை ஒயரிங் கடைப் பையனை அழைத்து வந்தார்கள். நான் தீக்குச்சியைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை.

"எர்த் பாத்தீங்களா சார்?"

மின்சாரம் பல்புக்குப் போனால் மட்டும் போதாது. பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். திரும்பும் வழியில் துரு இருந்தால் மின்சாரம் பக்கத்து பல்பின் இழைக்குள் புகுந்து போகப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் மினுக்குவதும், பிரேக் மிதித்தால் வேறெதுவோ கண்சிமிட்டுவதும் அதனால்தான். 'சாலையின் அரசன்' என்று விளக்குக்குப் பெயர் வைத்து விற்ற லூகாஸ் கம்பெனிக்குப் பழங்கார் ரசிகர்கள் 'இருளின் இளவரசர்' எனப் பட்டம் சூட்டியதில் பாதிப் பழி, என் கணிப்பில், இந்தத் துருவைச் சேரவேண்டியது. சுவிட்ச் போட்டபடி மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முள்ளை விளக்கின் எர்த்திலும் வைத்தால் அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் குற்றவாளி அந்தப் பாதையில் இருக்கிறார்.

பையனிடம் மீட்டர் இல்லை. பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு துண்டு ஒயரை இழுத்து ஹெட்லைட்டின் கறுப்பு ஒயரில் தொட்டான். எரிந்தது. எடுத்தான். அணைந்தது. மட்கார்டுக்குள் கைவிட்டு ஒரு நட்டைக் கழற்றி, உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து முறுக்கினான்.

"ஒயரெல்லாம் ஒருநாள் மாத்திருங்க சார், பத்திக்கும். இப்போதைக்கு இது போதும்."

காசை வாங்கிக்கொண்டு போனான். முதன்மைச் சான்றை, காலம் கணிக்காமல், புகைப்படம்கூட எடுக்காமல் தேய்த்து அழித்துவிட்டான் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். தரையில் உதிர்ந்த துருவைக் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். தீக்குச்சிக்கு நான் நெறியாளராக இருக்கும் மாணவர் அதையும் கேட்கிறார். தருவதாக இல்லை.