பெயின்ட்டைப் பாக்காதே மாப்பிள்ளை, பட்டையை எண்ணு

மாப்பிள்ளை, பெங்களூருல ஏசி ரூமுல உக்காந்து சம்பாரிச்ச காசுல பழைய டீசல் லாரி ஒண்ணு வாங்கி, அதும்மேல கட்டில், அடுப்படி, கக்கூஸ் எல்லாம் வெச்சு ஊர் சுத்தப் போறேன்னு உன்ற அம்மா சொன்னா. நல்ல ரோசனை. நாங்களும் லாரியிலயே படுத்து, ரோட்டோரமே சோறாக்கித் தின்னு ஒரு ஆயுசு ஓட்டுனவங்கதான். எங்களை ஒருத்தனும் போட்டோ எடுக்கலை. போவுது. நாமக்கல்லுல மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கறப்ப நீ ஏதோ ஒரு புரோக்கர்கிட்டப் போய் ஏமாந்தீன்னா, அந்த அசிங்கம் எனக்கும் சேத்துத்தான். அதனால சித்த நேரம் அந்தப் போனைக் கீழ வெச்சுட்டுக் கேளு.

லாரி பாக்கறதுக்கு முன்னால ஒரு நோட்டை எடு. என்னென்ன ஏத்தப் போறேன்னு எழுது. தண்ணித் தொட்டி இருநூறு லிட்டர்னு எழுதுவே. அது இருநூறு கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி பெருசா ரெண்டுன்னா அதுலயே நூறு கிலோவுக்கு மேல போயிரும். கேஸ், பிரிட்ஜ், சோலார், மரவேலை, மனுசங்க, உன்ற அம்மா குடுத்தனுப்பற ஊறுகாய் ஜாடி எல்லாத்தையும் கூட்டு. அடுப்படிக்குக் கிரானைட் போடலாம்னு நெனச்சிருப்பே, அதையும் எழுது, எழுதிட்டு நீயே அடிச்சுரு. இப்ப வர்ற கணக்குதான் நீ வாங்க வேண்டிய லாரியைச் சொல்லும். நீ என்ன பண்ணியிருக்கேன்னா, மொதல்ல கலரை முடிவு பண்ணிட்டே. ராணுவப் பச்சையாமே! பார்டருக்கா போறே?

பெருசா வாங்கோணும்னு ஆசை இருக்கும். உன்ற லைசென்சைப் பாரு. கார் ஓட்டற லைசென்சுல மொத்த எடை 7500 கிலோவுக்கு மேல போகாத லாரியை ஓட்டலாம்னு 2024 நவம்பருல சுப்ரீம் கோர்ட்டோட அரசியல் சாசன பெஞ்சே சொல்லியாச்சு. டாடா 709-ல பல வண்டிக்கு ஆர்.சி.யில 7490-ன்னு போட்டிருப்பாங்க. அந்தப் பத்துக் கிலோ மிச்சத்துல எத்தனை அறிவு இருக்குது பாரு! 11 டன் லாரி கெம்பீரமாத்தான் இருக்கும். ஆனா அதுக்குக் கனரக லைசென்ஸ் வேணும், டயரும் பெருசு, திருப்பற எடமும் பெருசு. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்குது. நீளமான சேசிஸ்காரன் அங்க ஒவ்வொரு வளைவுலயும் முன்னப் பின்ன எடுத்து, பின்னால நிக்கற பஸ்காரன் வாயில என்னென்ன வரும்னு உன்ற புள்ளைங்க கத்துக்கும்.

எந்தக் கம்பெனின்னு கேட்டீன்னா, ஒரு கதை சொல்றேன். எண்பதுகள்ல ஜப்பான்காரன் கூட்டோட நாலு கம்பெனி இந்த நடுத்தர வண்டிக்கு வந்துச்சு: டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மஸ்தா, ஐச்சர் மிட்சுபிஷி. டாடா எதுக்கவே 1986-ல 407-ஐ எறக்குனான். அப்பறம் டொயோட்டா வண்டி டேவூ கைக்குப் போச்சு, ஆல்வின் மகிந்திராகிட்டப் போச்சு, சுவராஜ் மஸ்தா பேரே மாறிப்போச்சு. 407-ம் ஐச்சரும் இன்னிக்கும் சந்தைக்கு வெங்காயம் ஏத்துது. உனக்கு இதுல என்ன பாடம்னா, வண்டி நல்லதா கெட்டதாங்கறது ரெண்டாவது. நடுராத்திரியில ஏதோ ஒரு ஊர்ல நின்னுபோனா, விடிஞ்சதும் சைக்கிள்ல போய் வாங்கிட்டு வர்ற மாதிரி சாமான் கெடைக்கோணும். அபூர்வமான வண்டி வேணும்னா மியூசியத்துக்கு டிக்கெட் எடு, செலவு கம்மி.

அடுத்தது பேப்பர். இங்கதான் படிச்சவன் எல்லாம் விழுகறான். சரக்கு லாரிக்கு மேல வீட்டைக் கட்டிட்டு அப்பறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனீன்னா, அவரு உன்னைப் பாத்துச் சிரிப்பாரு, அது நல்ல சிரிப்பு இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, வண்டியை மாத்தறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கோணும்னு சொல்லுது. கம்பெனி குடுத்த அமைப்புக்கு முரணா மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்குது. மோட்டார் கேரவனுக்குன்னே ஏஐஎஸ் 124-ன்னு ஒரு தரவிதி இருக்குது. அதனால அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால, இந்த மாடல், இந்த வருசம், இதைச் சொந்த உபயோகக் கேம்பரா மாத்தித் தருவீங்களான்னு ஆபீசுல கேட்டு, எழுத்துல வாங்கு. புரோக்கர் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"ம்பான். என்னத்தைப் பாப்பான்? நீ அலையறதைத்தான்.

கூடவே இதையும் பாரு. இன்ஜின் நெம்பரும் சேசிஸ் நெம்பரும் ஆர்.சி.யோட பொருந்தோணும், சேசிஸ்ல அடிச்ச எழுத்தைச் சுத்தித் தேச்ச அடையாளம் இருந்தா டீ கூடக் குடிக்காம வந்துரு. பைனான்ஸ் இருந்தா, கடன் முடிஞ்ச என்.ஓ.சி.யும் பாரம் 35-ம் கைக்கு வராம பணம் குடுக்காதே. பேர் மாத்தற 29-ம் 30-ம் கையெழுத்தோட வாங்கிக்க. எட்டு வருசம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. எடுக்கோணும், கடைசி எஃப்.சி. எப்ப எடுத்தான்னு பாரு. பழைய அபராதம் எத்தனை நிக்குதுன்னு உன்ற போன்லயே தெரியுமாமே. நாள் பூரா நோண்டறே இல்லையா, அதையும் ஒருக்கா நோண்டு.

இப்ப வண்டிகிட்டப் போலாம். காங்கேயம் மாட்டை வாங்கறவன் கொம்புல சுத்துன ஜிகினாவைப் பாக்கமாட்டான், பல்லைப் புடிச்சுத்தான் பாப்பான். லாரிக்குப் பல்லு அடியில இருக்குது. புதுப் பெயின்ட்டும் கண்ணாடியில எலுமிச்சம்பழமும் உனக்காக வெச்சது. நீ நல்ல சட்டையைக் கழட்டி வெச்சுட்டு, சாக்கு விரிச்சுக் கீழ படு.

மொதல்ல பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டையை எண்ணு. கம்பெனி குடுத்ததுக்கு மேல ஒண்ணு ரெண்டு சேத்திருந்தா, இந்த வண்டி அளவுக்கு மீறிச் செமந்துச்சுன்னு அதுவே வாக்குமூலம். சேசிஸ்ல உள்பக்கம் தகடு வெச்சு வெல்டிங் அடிச்சிருந்தா அது ரெண்டாவது சாட்சி. "பலத்துக்குப் போட்டது சார்"ம்பான். பலமா இருந்தா எதுக்குப் போட்டே? முன் அச்சை ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டு. லொடக்குனு ஆடுச்சுன்னா கிங்பின்னோ பேரிங்கோ போச்சு. டயர் ஒரு பக்கமாச் சாஞ்சு தேஞ்சிருந்தா ஏன்னு கேளு. அப்பறம் ஒருத்தனை ஓட்டச் சொல்லிப் பின்னால நின்னு பாரு. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தடத்துல போகாம நண்டாட்டம் போனா, வண்டி எங்கயோ அடிபட்டிருக்குது. மறைச்சது பெயின்ட்டு.

இன்ஜினைப் பாக்கப் போறப்ப சொல்லாமப் போ. போனதும் கையை இன்ஜின் மேல வை. சுட்டுச்சுன்னா, நீ வர்றதுக்கு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான், காலையில அது எந்திரிக்கற லட்சணம் உனக்குத் தெரியக்கூடாதுன்னு. ஆறட்டும்னு உக்காந்துக்க, கதை பேசு, மோர் குடுத்தா குடி. ஆறின பொறவு ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. நீலப் பொகைன்னா ஆயில் எரியுது. கருப்புன்னா டீசல் அதிகம் போகுது, நாசிலையும் பம்பையும் பாக்கோணும். வெள்ளைப் பொகை சூடேறினப்பறமும் நிக்கலைன்னா தண்ணி உள்ள போகுதான்னு பாரு. ஓடறப்பவே ஆயில் ஊத்தற மூடியைத் திற. உள்ளிருந்து பொசுபொசுன்னு காத்து அடிச்சா ரிங் தேஞ்சுபோச்சு, போர் வேலை காத்திருக்குது. டிப் ஸ்டிக்குல ஆயில் பால் கலந்த டீயாட்டம் இருந்தா, அந்த டீ ரொம்ப வெலை, வேண்டாம்.

மீட்டரை நம்பாதே. அதைப் பின்னால ஓட்ட ஆளு இருக்குது. அது என்ன லோடு அடிச்சுதுன்னு கேளு. பார்சல் சர்வீசுல நாலு வழிச் சாலையிலயே ஓடுன வண்டி, கிலோமீட்டர் அதிகமானாலும் ஒடம்பு நல்லா இருக்கும். குவாரியில எம்-சாண்ட் அடிச்சது கிலோமீட்டர் கம்மியானாலும் எலும்பு ஒடஞ்சிருக்கும். தூத்துக்குடி உப்பு, மீனு ஏத்தினதுன்னா சேசிஸைச் சுத்தியல்ல தட்டிக் கேளு, துரு கொட்டும். எங்க ஊரு கோழி எரு ஏத்தினதுன்னா, இரும்பும் போயிருக்கும், வாசமும் போகாது. அதுல படுத்து இயற்கையை ரசிக்கறேன்னு சொன்னா, ரசி.

பழைய மெக்கானிக்கல் பம்பா, சென்சார் வெச்ச காமன் ரெயிலான்னு ஒரு கேள்வி வரும். டாடாவோட 497 இன்ஜின்னா நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். அதுல மெக்கானிக்கல் பம்பு வெச்ச பழசு, பனைமரத்தடி மெக்கானிக்கே பிரிச்சுப் போட்டு மாட்டிருவான். பிஎஸ் 6 வண்டி பொகை கம்மி, சத்தம் கம்மி. ஒரு ஒயரு போனா ஸ்கேனர் வெச்சிருக்கற ஊரு வரைக்கும் தள்ளிட்டுப் போகோணும். நீ லடாக் போவேங்கறே, அங்க பனைமரமும் இல்லை, ஸ்கேனரும் தூரம். ஆனா பழசு வாங்கினா மறுபடி எஃப்.சி., பொகைச் சோதனை, சில பெரிய ஊர்கள்ல பழைய டீசலுக்குக் கெடுபிடி. எந்த அவஸ்தை உனக்குப் பழக்கமோ அதை எடு. கம்ப்யூட்டர் ஆளுன்னு புதுசு எடுத்துட்டு என்கிட்ட அழுகாதே.

வீடு கட்டறது கடைசி. எங்க ஊருலயும் திருச்செங்கோட்டுலயும் பாடி கட்டற பட்டறைக்காரன் சேசிஸை நேராத் தொளைக்கமாட்டான், நடுவுல கட்டை வெச்சு யூ போல்ட்டுல கட்டுவான். ஏன்னா குண்டுகுழியில சேசிஸ் முறுகும், முறுகத்தான் செஞ்சிருக்கான். உன்ற பெட்டியை அதோட இறுக்கி வெல்டிங் அடிச்சீன்னா, வண்டி முறுகறப்ப உன்ற ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ், பொண்டாட்டி பொறுமை மூணும் ஒண்ணா வெடிக்கும்.

கடைசியா ஒண்ணு. நோட்டுல எழுதினியே எடை, அந்த அளவுக்கு மணல் மூட்டை ஏத்தி, காசு குடுக்கறதுக்கு முன்னால கொல்லிமலை ஏறி எறங்கிக் காட்டுன்னு விக்கறவன்கிட்டக் கேளு. ஏறறப்ப இன்ஜின் சூடு, எறங்கறப்ப பிரேக், வளைவுல ஸ்டியரிங், எல்லாம் அவனே சொல்லாதது வெளிய வந்துரும். முடியாதுன்னான்னா உனக்குப் பதில் கெடைச்சாச்சு, கும்பிட்டுட்டு வந்துரு. சரின்னான்னா எனக்குப் போன் போடு. வெலையை நான் வந்து கொறைக்கறேன். கமிஷன் கிமிஷன் ஒண்ணும் வேண்டாம் மாப்பிள்ளை. ஜன்னலோரக் கட்டில் எனக்கு, அதை மட்டும் நோட்டுல எழுதிக்க. என்ற எடை எழுபத்தெட்டு.