உறக்கத்துக்கு அபராதம்

கேள்வி: வீடற்றோர் பொதுவிடங்களில் கூடாரமிடுவதை அமெரிக்க நகரங்கள் தண்டிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கூறிவிட்டதே; இனிப் பிரச்னை தீர்ந்ததல்லவா?

பதில்: தீர்ந்தது வழக்கு, தீராதது இரவு. ஆரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறு நகரம், பூங்காவில் கம்பளி விரித்துப் படுத்தவர்களுக்கு 295 டாலர் அபராதம் விதித்ததும், அது அரசியல் சாசனம் விலக்கிய கொடிய தண்டனையாகாது என்று 2024 ஜூன் 28 அன்று ஒன்பது நீதிபதிகளில் அறுவர் தீர்ப்புரைத்ததும் உண்மையே. ஆயினும், வாடகை கொடுக்கத் திராணியற்றுத் தெருவுக்கு வந்தவனிடம் அபராதம் கேட்பது, வற்றிய கிணற்றுக்குத் தண்ணீர் வரி போடுவதை ஒக்கும். அந்தப் பூங்காவில் குழந்தையை விளையாடவிட அஞ்சும் தாயின் முறையீட்டை நான் அலட்சியம் செய்யேன். அவள் அச்சம் நியாயமானதே. ஆனால் போலீஸார் கலைத்த கூடாரம் அடுத்த தெருவில் முளைக்கிறது. மருந்தும் அடையாள அட்டையும் குப்பை லாரியில் போய்விடுவதால், வேலைக்கு விண்ணப்பிக்கும் மார்க்கமும் அந்த ஏழைக்கு அடைபடுகிறது. டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டனோ, அரசாங்க இலாகாக்களையும் தர்ம ஸ்தாபனங்களையும் ஒன்றிணைத்து, வீட்டுச் சாவியை முதலில் கொடுத்து, சிகிச்சையையும் உத்தியோகத்தையும் பிறகு பேசி, 25,000-க்கும் மேற்பட்டோரைக் குடியமர்த்தியிருக்கிறது. அங்கே கூடாரங்களைப் பிரிப்பது, பெரும்பாலும், உள்ளிருப்பவருக்கு அறை ஒதுக்கிய பிறகுதான்.