எனக்கு வறட்சி பிடிக்கும்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் சர்வரோக நிவாரணி ஒன்று இருக்கிறது. 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று எந்தச் சொல்லைக் கொடுத்தாலும், முன்னால் 'எனக்கு', பின்னால் 'பிடிக்கும்'. என் மகளின் நோட்டில் இப்படி இருந்தது: எனக்குக் கடல் பிடிக்கும். எனக்கு வறட்சி பிடிக்கும். எனக்கு வயிற்றுவலி பிடிக்கும். மூன்றுக்கும் 'சரி' விழுந்திருந்தது. இலக்கணத்தில் குற்றமில்லையே!

அதனால் வீட்டில் சீட்டு ஆட்டம் தொடங்கினோம். பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஆளாளுக்குச் சொற்களை எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்க வேண்டும். வருகிற இரண்டு சீட்டும் ஒரே வாக்கியத்துக்குள் வரவேண்டும். 'பிடிக்கும்' செல்லாது.

ஒட்டாத இரண்டு சொற்களை மோதவிட்டால் கதை பிறக்கும் என்று இத்தாலியின் ஜானி ரொடாரி 1973இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது நாயும் அலமாரியும். நம் காளமேகப் புலவரிடம் 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடித்து முருகனைப் பாடச் சொன்னார்களாம். செருப்பைச் 'செரு, புக்கு' என்று பிரித்துப் போர்க்களத்துக்குள் நுழைந்துவிட்டாராம் மனிதர். இதைக் கேட்ட என் அம்மா சொன்னாள்: "நம்ம வீட்ல செருப்பும் விளக்குமாறும் ஒண்ணா வந்தா அது பாட்டு இல்லடா, சண்டை."

அம்மாவின் சீட்டுகளில் முறம், திரிகை, உறி என்று பரண் சாமான்களாகவே இருக்கும். மகளுக்கு ஒருநாள் 'உறி'யும் 'வைஃபை'யும் வந்தன. உறி என்றால் பூனைக்கு எட்டாமல் தயிரைத் தொங்கவிடுவது என்று பாட்டி விளக்கினாள். மகள் யோசிக்கவே இல்லை: "வைஃபை பாஸ்வேர்டை அப்பா உறியில் வைத்திருக்கிறார்." அகராதி பார்த்துச் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பாள். எரிச்சலோடு சேர்ந்து உள்ளே போன சொல் லேசில் வெளியே வராது.

ஆட்டத்தில் ஆபத்தும் உண்டு. 'சமாளிப்பு', 'சித்தப்பா' என்று வந்த அன்று, "குளிக்காமலே 'கிளம்பிட்டேன்' என்று போனில் சொல்வது சித்தப்பாவின் சமாளிப்பு" என்றாள் மகள். சித்தி சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் எதிர்வீட்டு மாமா காபி குடித்துக்கொண்டிருந்தார். மகளுக்கு வந்தவை 'கைமாற்று', 'மறதி'. "கைமாற்று வாங்கியதும் எதிர்வீட்டு மாமாவுக்கு மறதி வந்துவிடும்."

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா டம்ளரை வைத்துவிட்டு, தானாகவே சொம்பில் கைவிட்டார். 'நாளை', 'சத்தியம்'.

"நாளை தந்துவிடுகிறேன், சத்தியம்."

அவ்வளவு வேகமாக அதுவரை யாரும் வாக்கியம் அமைத்ததில்லை. மகள் பத்துக்குப் பத்து போட்டாள். பணம் இன்னும் வரவில்லை.