சர்க்கரையில்லா பிஸ்கட்: ஓர் அபாவ விசாரணை

உலகத்துப் பண்டங்களெல்லாம் தம்மிடம் இருப்பதைச் சொல்லி விலைபோக, தன்னிடம் இல்லாத ஒன்றைச் சொல்லி, அதுவும் சற்றுக் கூடுதலான விலைக்கே போகும் சாமர்த்தியம் சர்க்கரையில்லா பிஸ்கட்டுக்கு வாய்த்திருக்கிறது. மருந்துக் கடையின் கண்ணாடி அலமாரியில், இருமல் மருந்துக்கும் முழங்கால் வலித் தைலத்துக்கும் நடுவே கௌரவமாக வீற்றிருக்கும் இந்தப் பதார்த்தத்தை நம் பண்டிதர்கள் சாஸ்திர ரீதியாக ஆராயாமல் விட்டது பெருங்குறை. அக்குறையை இயன்றவரை நிவர்த்தி செய்வதே இந்த விசாரணையின் பிரயோஜனம்.

கணாதர் வகுத்த வைசேஷிக சாஸ்திரத்தில் பதார்த்தங்கள் ஆறு. பின்வந்தவர்கள் அபாவம், அதாவது இன்மை, என்பதையும் ஏழாவதாகச் சேர்த்து, அதை நால்வகையாகப் பிரித்தார்கள். பிற்காலத்தில் இப்படி ஒரு பிஸ்கட் அவதரிக்கும் என்பதை ஞான திருஷ்டியால் அறிந்திருந்தாலன்றி, இத்தனை பொருத்தமான பாகுபாடு அவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. ஆகவே நம்முன் நிற்கும் கேள்வி, பிஸ்கட்டில் சர்க்கரை இல்லை என்பதன்று. எந்த வகையில் இல்லை என்பதே.

முக்காலத்திலும் இல்லாமையாகிய அத்தியந்தாபாவம் என்பார் சிலர். அது பொருந்தாது, ஏனெனில், 100 கிராம் பண்டத்தில் 0.5 கிராம் வரை சர்க்கரை இருப்பினும் அதை இல்லாததாகவே கொள்ளலாம் என்று நம் நாட்டு உணவுச் சட்டம் அனுமதிக்கிறது. ஒரு பொருள் இன்னொரு பொருளாக இல்லாமையாகிய அந்நியோந்நியாபாவம் என்பார் வேறு சிலர். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று மட்டும் உறையில் எழுதி, உள்ளே பேரீச்சம்பழத்தை அரைத்துச் சேர்த்திருக்கும் வகைக்கு இந்த மதம் கச்சிதமாகப் பொருந்தும்: பேரீச்சம்பழம் சர்க்கரையன்று, சர்க்கரை பேரீச்சம்பழமன்று, எனவே உற்பத்தியாளர் நிரபராதி. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பிஸ்கட் வேறு ஜாதி. மற்ற இரண்டு அபாவங்களைப் பார்க்குமுன், அதன் ருசியை விசாரிப்பது முறை.

செயற்கை இனிப்பின் சரித்திரம் பெரும்பாலும் கை கழுவாதவர்களின் சரித்திரம். 1879-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் பகலெல்லாம் ரசாயனங்களோடு மல்லாடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், கையிலெடுத்த ரொட்டி காரணமின்றித் தித்திக்கக் கண்டு சாக்கரினை அடைந்தார். 1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர், காகிதம் எடுப்பதற்காக விரலை நாவில் தொட்டு அஸ்பார்டேமை அடைந்தார். 1976-இல் லண்டனில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர் சசிகாந்த் பட்னிஸ், சோதித்துப் பார் என்று பேராசிரியர் சொன்னதைச் சுவைத்துப் பார் என்று செவியில் வாங்கிக்கொண்டதன் பலனாக, சர்க்கரையைக் காட்டிலும் 600 மடங்கு தித்திக்கும் சுக்ரலோஸ் உலகுக்குக் கிட்டியது என்பர். இவற்றால் துணியப்படுவது, இனிப்பு என்பது தேடாமலே வந்து விரலில் ஒட்டிக்கொள்ளக்கூடிய சுலபமான சரக்கு என்பதாம்.

அப்படியானால் சர்க்கரையில்லா பிஸ்கட்டைக் கடித்தவுடன் முகம் ஏன் சுருங்குகிறது? கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்துப் புன்னகை செய்வதொன்றே தொழில் என்று நாம் எண்ணியிருந்த சித்தப்பா ஊருக்குப் போன பிறகுதான், பந்தி, பாய், விளக்கு, சமையற்காரர் அனைத்தையும் அவரே நிர்வகித்துவந்தார் என்பது தெரியவருவது போல, சர்க்கரையும் இனிப்பதற்கு மட்டும் மாவில் புகுந்ததன்று. கொழுப்போடு சேர்த்துக் குழைக்கும்போது காற்றைச் சிறைப்பிடிப்பது அதன் பரல். கோதுமைப் பசையைத் தலைதூக்க விடாமல் அடக்குவது அது. அடுப்பில் உருகி மாவைப் பரப்புவதும், ஆறும்போது இறுகி ‘மொறுக்’ என்னும் நாதத்தைத் தருவதும், மேனிக்குப் பொன்னிறம் பூசுவதும் அதுவே. சிட்டிகை சுக்ரலோஸ் இனிப்பை ஈடுசெய்யுமேயன்றி, வெற்றிடத்தை ஈடுசெய்யாது. அஸ்பார்டேமோ அடுப்பின் உஷ்ணத்தில் தன் இனிமையையே இழந்துவிடும். எனவே மால்டிட்டால் முதலிய பாலியால்கள் காலியிடத்தில் அமர்த்தப்படுகின்றன. அவை பருமனைத் தரும். மாவின் புரதத்தோடு கூடிச் சிவக்கும் குணம் அவற்றுக்கில்லை. ஆகவே பிஸ்கட் வெளிறிப் பிறக்கிறது. ஒடிப்பதற்கு முன்பே உதிர்கிறது. மாவின் ருசி முதலில் வந்து, மென்று விழுங்கும் தறுவாயில் இனிப்பு தாமதமாக வந்து சேர்ந்து, காபி குடித்த பின்னும் அடிநாக்கை விட்டு அகல மறுக்கிறது. எரித்ரிட்டால் சேர்ந்த வகையில், அது கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், பிஸ்கட்டில் எதிர்பார்த்தறியாத ஒரு குளிர்ச்சியும் உபரியாகக் கிடைக்கும்.

இனிச் சித்தாந்தம். பானை வனையப்படுமுன் களிமண்ணில் பானை இல்லாதிருப்பது பிராகபாவம். வரவிருக்கும் பொருளின் முன்னின்மை. பிஸ்கட்டின் பெரும்பகுதி மைதா. மைதாவின் பெரும்பகுதி மாவுச்சத்து. மாவுச்சத்தோ வாயில் தொடங்கிக் குடலில் முடியும் யாத்திரையில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலப்பது. ஆகவே இந்த பிஸ்கட்டில் சர்க்கரை இல்லை என்பது, இன்னும் வந்து சேரவில்லை என்னும் பொருளில் முற்றிலும் சத்தியம். எஞ்சிய பிரத்துவம்சாபாவம், அதாவது அழிந்தபின் உண்டாகும் இன்மை, பொட்டலத்துக்கே உரியது: இல்லாததை எத்தனை தின்றால்தான் என்ன என்னும் தர்க்கத்தைக் கைக்கொண்ட குடும்பத் தலைவர், பிற்பகல் தூக்கத்துக்கு முன் அதை நிரூபித்துவிடுகிறார்.

நூல் முடிவில் பலசுருதி கூறுவது மரபு. இந்த பிஸ்கட் அதையும் தன் உறையிலேயே பொடி எழுத்தில் தாங்கி வருகிறது. பாலியால்கள் மலமிளக்கும் தன்மையுடையனவாகலாம் என்று அச்சிட வேண்டுமென்பது விதி. சிறுகுடலில் முழுதும் ஜீரணமாகாத அவை நீரை இழுத்துக்கொள்வதே அதன் காரணம். மற்ற நூல்களின் பலசுருதி மறுமையில் பலிக்கும். இது அன்று மாலைக்குள்ளேயே பலிக்கக்கூடியதாகையால், ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் ஒரு வேளைக்கு இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.