சிங்கப்பூர் பட்ஜெட்டில் தைலச் செலவு

மச்சினன் நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "பெருசா ஒன்னும் வேணாம் மாமா, கோடாலித் தைலம் மட்டும் ஒரு டஜன்." மட்டுமாம்!

சிங்கப்பூர் பயணத்துக்குச் சிக்கனமாகப் பட்ஜெட் போடுவது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரி சுலபம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் 50 ரூபாயில் ஏர்போர்ட். இரண்டாவது வரியிலேயே தைலம் கொட்டிவிட்டது.

திருவொற்றியூரில் தைலம் வேண்டாத வீடு ஏது? எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கிற நிற்பைப் பார்த்தாலே நமக்கு நெற்றிப்பொட்டு தெறிக்கும். பெரியம்மாவின் மூட்டுவலிக்கு 56 மில்லி பாட்டில். அத்தைக்கும் அதே அளவு, சின்னதைக் கொடுத்தால் பொங்கல்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். எதிர்வீட்டு அக்காவுக்குக் கைப்பையில் போட்டுக்கொள்ளக் குட்டி பாட்டில். மச்சினனுக்கு மூன்று, அவனுடைய மேனேஜருக்கு மூன்று. மேனேஜருக்கு எதற்கய்யா? அந்த ஆபீசில் தலைவலி வருவது மற்றவர்களுக்கல்லவா!

இத்தனை பாட்டிலுக்கும் அங்கே கார்டைத் தேய்த்தால் வங்கி மூன்றரை சதவீதம்வரை மார்க்-அப் போடும். அந்த மார்க்-அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சிங்கப்பூர்க்காரர்களும் 2024 முதல் 9 சதவீதம் வாங்குகிறார்கள். ஒரே கடையில் 100 வெள்ளிக்கு வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும் என்று வாய் தவறிச் சொன்னேன். "அப்ப நூறு வெள்ளிக்கே தைலம் வாங்கிடுங்க மாமா, வரி மிச்சம்!"

இதே சரக்கு பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் கிடைக்கிறது. பர்மாவிலிருந்து வந்த நம்மவர்கள் போட்ட கடைகள். டைகர் பாமும் ரங்கூனில் பிறந்து 1926இல் சிங்கப்பூருக்குக் குடிபோனதுதான். பர்மா பஜாரிலேயே வாங்கித் தருகிறேன் என்றால், "அது ஒரிஜினல் இல்ல மாமா, மூக்குல வெச்சாலே தெரியும்" என்கிறான். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊருக்கே ஃபாரின் சாமான் காட்டிய பஜார் இவன் மூக்குக்கு ஆகாதாம்.

ஹோட்டலுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று வீட்டில் கேட்கிறாள். பிள்ளைகள் யுனிவர்சல் ஸ்டூடியோ என்கிறார்கள். எல்லாம் போடலாம், முதலில் அந்த மேனேஜர் யாரென்று தெரியணும்.