பக்கத் தகடு மாட்டாத சயா

யாங்கோனின் கியாக்டடாவில் பழுது பார்க்கிறவர் எல்லாரும் 'சயா'தான். பர்மிய மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல் அது. வைத்தியருக்கும் மெக்கானிக்குக்கும் அதே மரியாதை உண்டு. இந்தச் சயாவுக்குப் பட்டம் கிடைத்தது பழுதைத் தீர்த்ததால் அல்ல. இரண்டு வருஷமாக ஒரே பழுதை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதால்.

பழுது அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரில். கடைக்காரனை நம்பாமல், ஒவ்வொரு சாமானாகப் பேரம் பேசி வாங்கி, ஐந்தாம் மாடிக்குச் செங்குத்துப் படிகளில் தாமே தூக்கிவந்து, தாமே பூட்டியது. பூட்டிய வாரமே அது பாட்டுக்கு நடுவில் ஒருமுறை நின்றது. அன்று கழற்றிய கேபினெட்டின் பக்கத் தகடு இன்னும் மாட்டப்படவில்லை. அதில் அவர் மனைவி பால்கனியில் மோர்மிளகாய் காயப்போடுகிறார். திருகுகள் கண்டென்ஸ்டு பால் டப்பாவில் கிடக்கின்றன. உள்ளே விசிறி சுற்றுவது கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். பல்லிக்கும் தெரியும்.

இப்படி ஒருவர் யாங்கோனில் மட்டும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் அரை மணி நேரம் நின்றால் நாலு பேரைப் பார்க்கலாம். கையில் ஒரு ராம் குச்சி, சட்டைப் பையில் பள்ளிக்கூடப் பிள்ளையின் அழி ரப்பர். ராமின் பொன்முலாம் பூசிய பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி நோய் போய்விடும் என்பது இவர்களுடைய ஆயுர்வேதம். அது முழுப்பொய்யும் இல்லை. கடற்கரை ஊர்க் காற்றில் தொடுமுனைகளில் படியும் அழுக்கு அதில் கொஞ்சம் போகும். ஆனால் சயா தேய்த்த தேய்ப்பில் பிள்ளையின் ரப்பர்தான் தீர்ந்ததே தவிர நோய் தீரவில்லை.

பிறகு, மெஷின் நிற்கும்போது வரும் புளூ ஸ்கிரீனைப் படிக்க ஆரம்பித்தார். அது சொல்லும் பெயரை அப்படியே நம்பக்கூடாது. ஜார்ஜ் ஆர்வெல் 1934-இல் வெளியிட்ட 'பர்மிய நாட்கள்' நாவல் நடக்கும் ஊரின் பெயரும் கியாக்டடாதான். ஆனால் அவர் எழுதியது இந்த ஊரை அல்ல. வடக்கே ஐராவதிக் கரையிலுள்ள கத்தாவுக்கு அப்படிப் பெயர் மாற்றியிருந்தார். நீலத்திரையும் அதே வேலையைத்தான் செய்யும். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று அது சொன்னால் குற்றவாளி ராமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கெட்டுப்போன டிரைவராக இருக்கலாம், டிஸ்க்காக இருக்கலாம், உள்ளே போகும் மின்சாரமாகக்கூட இருக்கலாம். சயாவோ பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறவர். திரையில் ராம் என்று வந்தால் ராமை மாற்றுவார்.

மாற்றுவதிலும் ஒரு தனி முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாமானை மாற்று, ஓட்டிப் பார், குறித்துக்கொள் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். சயா ராமை மாற்றும்போதே கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி, புதிதாகப் பேஸ்ட் தடவி, விண்டோஸையும் ஃபார்மேட் அடித்துவிடுவார். மெஷின் இரண்டு நாள் ஓடினால் எதனால் ஓடியது என்று தெரியாது. மூன்றாம் நாள் நின்றால் எதனால் நின்றது என்றும் தெரியாது.

சோதனைக்கான ராம் எதிரே இருப்பவர்களிடமிருந்துதான் வரும். கியாக்டடாவின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் அபூர்வம். மேல்மாடிகளிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், சில வீடுகளில் மணியும் உண்டு. பேப்பரும் காய்கறியும் ஏறுகிற அந்தக் கயிற்றில் எட்டு ஜி.பி. ராம் ஒன்று பிளாஸ்டிக் பையில் ஊசலாடி ஏறுவதைப் பார்த்து, கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் லாபே யே குடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்தார்கள்.

"அண்ணே, இது எத்தனாவது?"

"ஆறாவது. இது தேறிடும்."

மெம்டெஸ்ட்86 என்றொரு சோதனை நிரல் உண்டு. 1990-களிலிருந்து ராமைப் பரிசோதிக்க உலகம் முழுக்கப் பலர் அதைத்தான் ஓட்டுகிறார்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும், அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். யாங்கோனில் அந்தப் பல மணி நேரத்தை எங்கே போய் வாங்குவது? 2021-க்குப் பிறகு மின்வெட்டு முறை வைத்து வருகிறது; நாலு மணி நேரம் இருக்கும், நாலு மணி நேரம் இருக்காது என்று ஒரு காலம். கோடையில் அணைகளில் நீர் குறைந்தால் அந்தக் கணக்கும் தப்பும். சயாவின் சோதனை மூன்றாம் சுற்றைத் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் பேப்பரில் எழுதுவார்: 'பிழை இல்லை, மின்சாரமும் இல்லை.'

இந்தக் குறிப்பை அவரே ஒரு தடவை உரக்கப் படித்திருந்தால் போதும். படிக்கவில்லை.

மாறாக, ஆகாயத்தைப் பார்த்தார். 2003 மே 18 அன்று பெல்ஜியத் தேர்தலில், பிரஸ்ஸல்ஸை அடுத்த ஸ்கார்பேக்கில், வேட்பாளர் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் 4096 ஓட்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் புரண்டதன் கைரேகை. விண்வெளிக் கதிர் பட்டிருக்கலாம் என்று ஊகித்தார்கள். அந்த 'லாம்' சயாவின் வாய்க்கு வரும்போது உதிர்ந்துவிடும். "காஸ்மிக் ரே மாப்ளே. அஞ்சாம் மாடி வேற, நேரா அடிக்குது" என்பார். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரையையும் பாதி அறிவார்: ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேலான ராம் குச்சிகள் பிழை காட்டின என்ற பாதி. அவற்றில் பெரும்பங்கு ஆகாயத்திலிருந்து வரவில்லை, குச்சியின் சொந்தக் கோளாறாகவே தெரிகிறது என்ற மீதிப் பாதி அவருக்குத் தேவைப்படவில்லை.

2024-இல் இன்டெல் தன் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகளில் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைகின்றன என்று ஒப்புக்கொண்டு வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியபோது, தேநீர்க் கடையில் எல்லாருக்கும் சயா கணக்கில் டீ. அவருடைய சிப் இன்டெல்லே அல்ல என்பதை யாரும் நினைவூட்டவில்லை; டீ நன்றாக இருந்தது.

ஆக, ராம் குச்சி முதல் நட்சத்திர மண்டலம் வரை எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். ஏனென்றால் அதில்தான் அவர் பேரத்தில் ஜெயித்தார். மேலே ஒட்டியிருந்த லேபிள் 500 வாட் என்றது. கையில் எடுத்தால் அதற்கு அவ்வளவு வாட் தூக்கும் உடம்பு இல்லை.

திஞ்யான் புத்தாண்டு கழிந்த ஒரு வெயில் நாளில் தங்கை மகன் வந்தான். சாமானைத் தொடவில்லை. விண்டோஸின் பதிவேட்டைத் திறந்தான். 'கெர்னல்-பவர் 41' என்ற வரி வரிசையாக நின்றது. ஒழுங்காக அணையாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் இல்லை. ஆனால் நேரங்களைக் கவனித்தான். பல, கட்டடத்தின் இன்வெர்ட்டர் மாறும் நேரங்கள். ஏ.டி.எக்ஸ். விதிப்படி மின்சாரம் கண் சிமிட்டினால் எஸ்.எம்.பி.எஸ். ஏறத்தாழ 16 மில்லி செகண்டாவது தாக்குப்பிடிக்க வேண்டும். மலிவு இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். பிறகு மீட்டரை வைத்தான். 12 வோல்ட் கம்பி 11.4-க்குக் கீழே போகக்கூடாது. கேம் ஓடும்போது 11.1 காட்டியது.

"மாமா, இது எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது நல்ல சாமான்டா. அதை விடு."

விடவில்லை. கயிற்றில் வேறொரு எஸ்.எம்.பி.எஸ். ஏறியது, இந்தத் தடவை கிளிப் தாங்காமல் துணிப்பையில் முடிச்சுப் போட்டு. பேட்டரி உள்ள யு.பி.எஸ். ஒன்றும் படியேறி வந்தது. மருமகன் பக்கத் தகட்டைத் துடைத்து மாட்டினான். மிளகாய் முறத்துக்குப் போனது.

மூன்று நாள் மெஷின் நிற்கவில்லை. தெருவில் 'மீ பியெ', மின்சாரம் போச்சு, என்றார்கள், திரை அசையவில்லை. 'மீ லா பீ', வந்தாச்சு, என்று எல்லா மாடிகளிலிருந்தும் ஒரே குரலாக எழுந்தபோதும் அசையவில்லை. சயாதான் அசைந்துகொண்டிருந்தார். தேநீர்க் கடைக்குப் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "ஓடுதா?" "ஓடுது." அத்தோடு பேச்சு ஃபுட்பாலுக்குப் போய்விட்டது.

நாலாம் நாள் சாயங்காலம் பயாஸுக்குள் போனார். ராம் 3200-இல் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா 3800 வைத்துப் பார்த்தார்.

நீலத்திரை கூடம் முழுக்க வெளிச்சம் போட்டது. சயா ஸ்க்ரூடிரைவரைத் தேடி எழுந்தபோது நடையில் இரண்டு வருஷம் குறைந்திருந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பால்கனிக்குப் போய், முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தகடு வருவதற்காகக் காத்து நின்றார்.